அடுத்த படகின் புள்ளிகள்

அக்டோபர் 7

ஜிபிஎஸ் வந்துவிட்டது. புதிது என்று சொல்ல முடியாது. கெட்டுப்போன பழையதை எடுத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. பெட்டி புதிது, மிஷினின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது.

தூத்துக்குடி சர்வீஸ் சென்டருக்கு அப்பாவுடன் நானும் போனேன். டிகிரி முடித்த பிறகு கையெழுத்துப் போடும் இடத்துக்கெல்லாம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார். பஸ்ஸில் ஒரே ஒரு கேள்வியை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்: பழைய மிஷினில் இருந்த புள்ளிகளெல்லாம் இதில் இருக்குமா? கவுண்டரில் இருந்தவர் பெட்டியைத் தள்ளிவிட்டு, என் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அடுத்து யாரு?" என்றார். நகர்ந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார். "என்னம்மா, கேட்டியா?"

"வீட்டுல போய்ப் பாத்துக்கலாம்ப்பா."

அக்டோபர் 8

காலையில் மொட்டை மாடியில் வைத்து ஆன் செய்தோம். பழையது ஆன் செய்ததும் சாட்டிலைட்டைப் பிடித்துவிடும். இது வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. "தூக்கத்துல எழுப்பினவன் மாதிரி முழிக்குது பாரு," என்றார் அப்பா. பழையது தூரத்தைக் கடல் மைலில் காட்டும், இது கிலோமீட்டரில் காட்டுகிறது. திரை வெள்ளையாக இருப்பதால் கண் கூசுகிறதாம்.

பிறகு மேப் வந்தது. அதில் புள்ளிகள் இருந்தன.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தார். "இது நம்மது இல்ல."

கடலுக்கடியில் கல் திட்டுகள் உண்டு. பார் என்போம். மீன் அங்கேதான் தங்கும். நல்ல பார் கிடைத்தால் அப்பா பட்டனை அமுக்கி அந்த இடத்தை மிஷினில் ஏற்றிவைப்பார். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படிச் சேர்த்ததெல்லாம் பழைய மிஷினோடு போய்விட்டது. இதில் இருப்பவை வேறு யாரோ ஒருவர் சேர்த்தவை. முப்பத்தெட்டு இருக்கின்றன. எல்லாம் நமக்கு வடக்கே. யாரோ பழுது பார்க்கக் கொடுத்ததைச் சரிசெய்து, உள்ளே இருப்பதை அழிக்காமல் எங்களுக்குத் தந்திருக்கிறார்கள்.

அப்பா மிஷினைக் கவிழ்த்து வைத்தார். எங்கள் ஊரில் கரைக்கு வந்ததும் ஆளாளுக்கு ஜிபிஎஸ்ஸைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார்கள். அடுத்தவர் திரையை எட்டிப் பார்ப்பதும் அடுத்தவர் வீட்டு அடுப்படியை எட்டிப் பார்ப்பதும் ஒன்று.

"எல்லாத்தையும் அழிச்சிரும்மா," என்றார்.

மெனு புதுசாக இருக்கிறது, பழகிக்கொண்டு அழிக்கிறேன் என்றேன்.

அக்டோபர் 10

சர்வீஸ் சென்டருக்கு மெயில் அனுப்பினேன். பழைய மிஷின் சென்னைக்குப் போய்விட்டது, அதில் இருந்தவற்றுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "பொறுப்பல்ல" என்ற இடத்தில் என் குரல் தானாகவே இறங்கிவிட்டது.

அப்பா வலையைத் தைத்துக்கொண்டே கேட்டார். "பெர்பெத்தும் போச்சா?"

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பெர்பெத்து அம்மாவின் பெயர். எங்கள் பக்கம் ஒருவருக்கு வாய்த்த பார்களில் எது உயர்ந்ததோ அதற்கு மட்டும் வீட்டில் யாருடைய பெயரையாவது வைப்பார்கள். மற்றவற்றுக்கு எண்தான். ஏலக்கடையில் பெண்கள் அம்மாவை, "ஒம் புருசன் ஒன்னைய எத்தனை பாகம் ஆழத்துல வச்சிருக்காரு?" என்று கேலி செய்வார்கள்.

"பெர்பெத்து இங்கதான பாத்திரம் கழுவுதேன். எங்க போச்சு?" என்றாள் அம்மா. ஆனால் குழாயை மூட மறந்து அப்படியே நின்றாள்.

அக்டோபர் 12

அப்பா ஞாபகத்தை வைத்துத் தேடுகிறார். கோவில் கோபுரம் தெரியும் தூரத்தில் உள்ள பார்களைக் கரையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். கரை மறைந்த பிறகு உள்ளவை கிடைக்கவில்லை. டீசல் தீர்கிறது. கூட வரும் சேவியர் மாமா வாசலில் நின்று சொன்னார்: "கஸ்பார் அத்தான், இன்னும் ஒரு வாரம் பாப்பேன். பொறவு மோயீசன் படகுக்குப் போயிருவேன். கோவிச்சுக்கிடாதிய."

"போ. அவன் படகுல ஒன்னைய எண்ணெய்ச் சட்டி கழுவத்தான் வைப்பான்," என்றார் அப்பா. இருவரும் சிரித்தார்கள். மாமா போன பிறகு அப்பா சிரிக்கவில்லை.

மாமா போய்விட்டால் படகை நிறுத்த வேண்டியதுதான். அப்பா, அண்ணன் இரண்டு பேரால் மட்டும் முடியாது.

அக்டோபர் 15

மழை. கருவாட்டை உள்ளே எடுத்துப் போட்டேன். வங்கித் தேர்வுக்கு இரண்டு பாடம் முடித்தேன்.

அக்டோபர் 17

அப்பாவுக்குக் காய்ச்சல். நாளை அண்ணனும் சேவியர் மாமாவும் பக்கத்துப் படகுப் பையன் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு போகிறார்கள்.

சாயங்காலம் மில்டன் அண்ணன் என் மேசை அருகே வந்து நின்றான். பத்தாவதோடு நின்றதிலிருந்து அவன் என் மேசைக்கு வந்ததே இல்லை.

"ஏளா, அந்த வடக்குப் பாயிண்ட்லாம் அழிச்சிட்டியா?"

"இல்ல."

"ஒண்ணே ஒண்ணு பாத்துட்டுத் தாரேன்."

"அப்பா வேண்டாம்னாவ."

"நான் என்ன களவாண்டுட்டா வாரேன்? கடலு யாரு வீட்டுக் கொல்லை?"

 புள்ளிகள் இருக்கும் பக்கம் திரையில் திறந்திருந்தது. மிஷினை அப்படியே மேசைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் கூட்டம். திரும்பி வர நேரமாகிவிட்டது.

அக்டோபர் 18

களவா மீன், விளமீன், பெரிய பெரிய ஊளி. நான்கு பெட்டி நிறைந்தது. சேவியர் மாமா மோயீசன் பெயரையே எடுக்கவில்லை. ஏலக்காரர் அண்ணனைப் பார்த்து, "மாப்ள, மாதா கடலுக்குள்ள எறங்கி வந்து குடுத்தாளோ?" என்று கேட்டாராம்.

அப்பா கட்டிலில் இருந்தபடியே ஒரு களவாவைத் தூக்கிப் பார்த்தார். "எங்கல கெடச்சுது?"

"போற வழியிலதாம்ப்பா."

இரவு அம்மா குழம்பு வைத்தாள். அப்பா ரசம் போதும் என்றார். காய்ச்சல் வாய்க்கு மீன் கசக்குமாம்.

அக்டோபர் 19

அண்ணன் இன்று இன்னொரு புள்ளிக்குப் போனான். முப்பத்தெட்டில் முப்பத்தேழுக்கு எண்தான். ஒன்றுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ராயன் என்று பெயர். மற்றவை கூட்டமாக இருக்க, அது மட்டும் தனியே கிழக்கே தள்ளி இருக்கிறது.

"பேரு வச்சிருக்கான், தனியாவும் வச்சிருக்கான். அப்ப எப்பேர்ப்பட்ட பாராயிருக்கும்!" என்று போகும்போது சொன்னான்.

மதியம் வெறும் படகு வந்தது. ஒரு கடிகூட இல்லையாம். "சும்மா பேரு வச்சிருக்கான் கிறுக்கன்," என்றான். சாப்பிடும்போது பேசவில்லை. வழக்கமாக மீன் இல்லாத நாளில்தான் அதிகம் பேசுவான்.

அக்டோபர் 21

அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டது. மிஷினை எடுத்துத் துடைத்து ஆன் செய்தார். பழைய மிஷின், படகு போன பாதையைக் காட்டாது. இது தானாகவே கோடு போட்டு வைத்திருக்கிறது. எங்கள் கரையிலிருந்து புறப்பட்ட கோடு வடக்கே ஒரு புள்ளிக்குப் போய்த் திரும்பியிருந்தது. இன்னொரு கோடு ராயனுக்குப் போய், அங்கே நூல் சிக்கினது மாதிரி சுருண்டு கிடந்தது.

அப்பா அண்ணனைக் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்.

"அழிக்கலியாம்மா?"

தலையை ஆட்டினேன்.

"மெனு பழகலியோ?"

அப்பா என்னைத் திட்டியிருக்கலாம். துண்டை எடுத்து மிஷினைச் சுற்றினார். "இனி அழிக்காத. நம்ம போய் அள்ளிட்டு வந்த பொறவு அழிச்சா, அது வேற மாதிரி ஆயிரும். யாரு பாயிண்ட்டுன்னு கண்டுபிடி. அவன்ட்ட சொல்லிட்டு அழிப்போம்."

அக்டோபர் 23

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தேன். பேச வேண்டியதை முதலில் தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் "வணக்கம்" என்றதும் தாளில் இருந்தது எதுவும் கண்ணில் படவில்லை. எப்படியோ சொல்லி முடித்தேன்.

"கஸ்டமர் பேரெல்லாம் தர முடியாது மேடம்."

வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வைக்கவில்லை. பேசவும் இல்லை. நான் வைக்காததால் அவரும் வைக்காமல் இருந்தார்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? ஒண்ணு செய்யலாம். இங்க ஒருத்தர் வாராவாரம் வந்து நிக்கிறார். பழைய மிஷின்ல இருந்த ஒரே ஒரு பாயிண்ட் வேணுமாம். மத்ததெல்லாம் போனாப் போகுதுங்கிறார். அவரா என்னன்னு தெரியல. உங்க நம்பரை வேணா குடுக்கட்டுமா?"

அப்பாவின் நம்பரைச் சொல்ல நினைத்தேன். என் நம்பரைச் சொன்னேன்.

அக்டோபர் 26

போன் வந்தது. கரகரத்த குரல்.

"ஜிபிஎஸ் பொண்ணா?"

"ஆமா..."

"நான் தருவைப்பட்டி சிப்ரியான். எம் பாயிண்ட்டெல்லாம் ஒங்ககிட்டயா கெடக்கு? நல்லா அள்ளுதியளா?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"சரி, அத விடு. அதுல ராயன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு."

அந்தப் பக்கம் ஒரு பைக் போகும் சத்தம் கேட்டது. 

"அழிச்சிரலயே தாயி?"

"இல்ல."

"அழிச்சிராத. கையக்கூட வைக்காத."

பிறகு சொன்னார். ராயன் அவருடைய தம்பி. இரண்டு வருடத்துக்கு முன்பு ஓர் இரவு மழைக்காற்றில் படகிலிருந்து விழுந்துவிட்டார். இவர் உடனே பட்டனை அமுக்கி இடத்தை ஏற்றிவிட்டுக் குதித்திருக்கிறார். தேடினார்கள். உடல் கிடைக்கவில்லை. "கல்லறைத் திருநாளுக்கு ஊரே பூவும் மெழுகுவத்தியும் கொண்டு கல்லறைக்குப் போவும். எங்களுக்கு அந்தப் பாயிண்ட்தான் கல்லறை. திரை சரியில்லன்னு மிஷினக் குடுத்தேன், மாத்தித் தந்துட்டானுவ. எனக்கு வந்ததுல ஒண்ணுமே இல்ல. வெறும் கடல். இந்த வருசம் அவன் பொண்டாட்டிய எங்க கூட்டிட்டுப் போவேன்னு தெரியாமக் கெடந்தேன்."

கல்லறைத் திருநாள் நவம்பர் இரண்டு. இன்னும் ஒரு வாரம்.

அப்பாவிடம் சொன்னேன். அண்ணனும் அங்கேதான் இருந்தான். சோற்றில் கையை வைத்தபடி அப்படியே இருந்தான்.

போனிலேயே எண்களைப் படித்துச் சொல்லிவிடலாமா என்று கேட்டேன். அப்பா வேண்டாம் என்றார். "நேர்ல போவோம். மில்டனும் வருவான்."

அக்டோபர் 29

அண்ணன் கடலுக்குப் போகவில்லை. படகுக்குப் பெயின்ட் அடித்தான். அடிக்க வேண்டிய இடமெல்லாம் ஏற்கனவே அடித்ததுதான்.

நவம்பர் 1

புனிதர்கள் திருநாள் பூசை முடிந்து மூவரும் பஸ் ஏறினோம். மிஷின் அப்பாவின் மடியில் துண்டுக்குள் இருந்தது.

சிப்ரியான் போன் குரலுக்குப் பொருந்தாத ஒல்லி மனிதர். அப்பாவைப் பார்த்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே ஒரு பெண் காபி போட்டுக்கொண்டிருந்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். ராயனின் மனைவி எமல்டா. தூளியில் குழந்தை தூங்கியது.

அப்பா உட்காரவில்லை.

"அண்ணாச்சி, மொதல்ல ஒண்ணு சொல்லணும். நான் காய்ச்சல்ல கெடந்தப்ப எம் மவன் ஒங்க பாயிண்ட்டுக்குப் போயிட்டான். ஒண்ணுல நல்லா அள்ளிட்டு வந்தான். பொறவு ராயனுக்கும் போயிருக்கான். பேரு வச்சிருக்கதால பெரிய பாருன்னு நெனச்சுட்டான். நங்கூரம் போட்டு, தூண்டிலும் போட்டிருக்கான்."

வழியெல்லாம் அப்பா இதை எப்படிச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். இவ்வளவு நேராகச் சொல்வார் என்று நினைக்கவில்லை. நான் அழிக்காமல் விட்டதை மட்டும் அப்பா சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

"நங்கூரமா?" என்றார் சிப்ரியான். அண்ணனைப் பார்த்தார். "அங்க போனா நாங்க எஞ்சினக்கூட மெதுவாத்தான் போடுவோம்ல."

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கழுத்து வியர்த்திருந்தது.  அப்போது எமல்டா காபித் தட்டோடு வெளியே வந்தாள். தட்டைக் கீழே வைக்காமல் அண்ணனிடம் கேட்டாள்.

"எம்புட்டு ஆழம் இருந்துச்சு?"

அண்ணன் நிமிர்ந்தான். "இருபத்தாறு பாகம்."

"கீழ கல்லா?"

"இல்ல. கல்லே இல்ல. சேறு." ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு வேறு குரலில் சொன்னான்: "கல்லுன்னா நங்கூரம் கடகடன்னு இழுக்கும், கயித்துல கையி வச்சாத் தெரியும். இது சத்தமே இல்லாம உள்ள போச்சு. இழுத்துப் பாத்தா, மாவு மாதிரி சேறு ஒட்டியிருந்துச்சு. அவ்வளவு மெது."

"மெதுவா?"

"மெத்தை மாதிரிக்கா."

எமல்டா தட்டைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். "இத்தன நாளும் நான் கல்லுன்னுதான் நெனச்சேன்," என்றாள். "கல்லுல கெடக்காவன்னு."

சிப்ரியான் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். வந்து அண்ணனின் கையில் காபியைக் கொடுத்தார். "குடி. ஆறுது."

பிறகு நான் அவருடைய மிஷினில் ராயனை ஏற்றினேன். எண்களை ஒருமுறை நான் படித்தேன், ஒருமுறை அப்பா படிக்க நான் சரிபார்த்தேன்.  "நாளைக்கு நீயும் வா," என்றார் சிப்ரியான். "ஒரு நம்பர் மாறியிருந்தா நான் எங்க போய் அழுவேன்?"

"எனக்கும் ஒரு பொம்பளத் துணையாச்சு," என்றாள் எமல்டா.

மீனவர் வீட்டில் பிறந்தும் நான் இதுவரை படகில் கரையைத் தாண்டிப் போனதில்லை. சரி என்றேன்.

நவம்பர் 2

இரவு சிப்ரியான் வீட்டிலேயே தங்கி, விடிந்ததும் அவர் படகில் புறப்பட்டோம். வாடைக்காற்று நல்லவேளையாக அடங்கியிருந்தது. சிப்ரியான், எமல்டா, அப்பா, அண்ணன், நான். எனக்கு இருமுறை வாந்தி. எமல்டா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "இது மொத தடவைதான? எனக்கும் இப்படித்தான் வந்துச்சு," என்றாள்.

என் மடியில் இரண்டு மிஷின்கள். எங்களுடையது ஒன்று, அவர்களுடையது ஒன்று. தூரம் குறையக் குறையப் படித்துச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சிப்ரியான் பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி கத்தினார்: "தொண்டையத் தொறந்து சொல்லு தாயி! இங்க ஒண்ணுங் கேக்கல!"

இருநூறு மீட்டர் என்றேன். நூறு என்றேன். நாற்பது. அவர் எஞ்சினைக் குறைத்தார்.

அங்கேதான் இரண்டு மிஷினும் மாறுபட்டன. எங்கள் மிஷின் வந்துவிட்டது என்றது. அவர்களுடையது இன்னும் பதினாலு மீட்டர் என்றது. அந்தப் பதினாலும் நிற்கவில்லை. பத்து, பதினேழு, பன்னிரண்டு என்று மாறிக்கொண்டிருந்தது. படகு ஆடியது. சுற்றிலும் ஒரே தண்ணீர். அடையாளம் வைக்க ஒன்றுமே இல்லை.

எமல்டா பூக்கூடையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். என் முகத்தையே பார்த்தாள். சிப்ரியான் எஞ்சின் கைப்பிடியோடு நின்றார். "எங்கம்மா?"

இந்த மிஷின் எதுவுமே சில மீட்டர் கூடக் குறையத்தான் காட்டும். அவர் அன்று இருட்டில் அமுக்கியபோதும் அப்படித்தான் காட்டியிருக்கும். படித்திருக்கிறேன். அதைச் சொல்லவில்லை.

"இங்கதான்!" என்று கத்தினேன்.

என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை. அப்பா திரும்பிப் பார்த்தார். சிப்ரியான் எஞ்சினை நிறுத்தினார்.

எமல்டா பூவைத் தண்ணீரில் விட்டாள், வீசவில்லை. மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவில்லை. அண்ணன் இரண்டு கையையும் குவித்துப் பிடித்துக்கொண்டான், சுடர் கையைச் சுட்டபோதும் எடுக்கவில்லை. சிப்ரியான் செபம் சொல்ல, நாங்கள் பதில் சொன்னோம். நீரோட்டம் பூக்களை இழுத்துக்கொண்டு போனது. எமல்டா பூக்களைப் பார்க்கவில்லை. குனிந்து, அவை விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரை தெரிய ஆரம்பித்தபோது, பார்களின் எண்களை சிப்ரியானுடைய மிஷினில் ஏற்றித் தரட்டுமா என்று அவரிடம் கேட்டேன். எழுதித் தரச் சொன்னார், எழுதிக் கொடுத்தேன். பிறகு அப்பாவிடம் சொன்னார்: "முப்பத்தேழையும் அழிச்சிருங்க. மறந்துருங்க. நாளைக்கு நம்ம ரெண்டு பேரும் ஒரே பாருல முட்டிக்கிட்டு நிக்கக் கூடாது."

"அழிச்சிருதோம் அண்ணாச்சி."

"அத மட்டும் வச்சுக்கங்க. எம் மிஷின் மறுபடி கெட்டாலும் ஒங்ககிட்ட இருக்கும்ல?"

அப்பா தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "இருக்கும்," என்றார்.

நவம்பர் 4

விடியுமுன் முப்பத்தேழையும் அழித்தேன். ஒவ்வொன்றையும் அழிக்கட்டுமா என்று மிஷின் கேட்டது, ஒவ்வொன்றுக்கும் ஆம் என்றேன். முடியும் வரை அப்பா திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

சேவியர் மாமா வந்துவிட்டார். முதலில் பெர்பெத்தைத் தேடிப் பார்க்கப் போகிறார்களாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அம்மா சோற்றுத் தூக்கைக் கொடுத்து, "நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடிச்சிட்டு வாங்க," என்றாள்.

மிஷினைப் படகில் மாட்டிவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார். திரையில் அந்த ஒரு பெயர் மட்டும் இருந்தது.

"இங்கேருந்து எம்புட்டு தூரம்மா?"

சொன்னேன்.

"அந்தப் பக்கம் போனா எஞ்சின மெதுவாப் போடணும். மில்டன்ட்ட சொல்லிரு."

அண்ணன் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். "தெரியும்ப்பா," என்றான்.